எந்தப் பாட்டு முதலிடம்? – பந்தயக் கணக்கு, ஒரு பாடம்



இந்த மாதப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது பாட்டு. பாட்டு என்றதும் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம், இதுவும் கணக்குப் பாடம்தான்!

கோட்டைக்குப்பம் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "மேடம், சீட்டாட்டம் தப்பு, கிரிக்கெட் பந்தயம் தப்புன்னு சொல்றீங்க. சரி. எந்தப் பாட்டு இந்த வாரம் ஃபர்ஸ்ட் வரும், பாட்டுப் போட்டியில எந்தப் பையன் ஜெயிப்பான்னு சொல்லிப் பணம் கட்டினா அதுவும் தப்பா? பாட்டுதானே? எம் பையனுக்குப் பாட்டு நல்லாத் தெரியும்." கேட்பது நியாயமான கேள்வி. அதட்டி உட்கார வைக்கக்கூடாத கேள்வி. அதனால் இந்தப் பாட்டுப் பந்தயம் எங்கே பிறந்தது, எப்படி நடக்கிறது, பணம் யார் கைக்குப் போகிறது என்று அடியிலிருந்து பார்த்துவிடுவோம்.

வரிசை போடுவது யார்?

'டாப் டென்' என்று டி.வி.யில் வாராவாரம் பாட்டுகளையும் படங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்திருப்போம். இது டி.வி. கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1952 நவம்பர் 14ஆம் தேதி லண்டனில் ஓர் இசைப் பத்திரிகை, எந்த இசைத்தட்டு அதிகம் விற்றது என்று கடைகளுக்குப் போன் போட்டுக் கேட்டு, அந்த நாட்டில் முதன்முதலாக வரிசை போட்டு அச்சடித்தது. அதே 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியை ஆரம்பித்தார். பற்பசைக் கம்பெனி விளம்பரத்துக்காக நடத்திய நிகழ்ச்சி அது. கடையில் இசைத்தட்டு விற்பனை எவ்வளவு, ஊர் ஊராக இருந்த ரேடியோ நேயர் மன்றங்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்து வாராவாரம் பாட்டுகளை ஏறுவரிசையில் சொல்வார். நாடே காது கொடுத்துக் கேட்டது. நம் கடற்கரையிலும் இலங்கை வானொலி நன்றாகவே எடுக்கும், பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டு நல்ல பாட்டா என்பது ஒரு விஷயம். அது வரிசையில் எத்தனாவது வருகிறது என்பது வேறு விஷயம். வரிசையை முடிவு செய்வது ராகமோ குரலோ இல்லை, எண்ணிக்கை. எண்ணுகிறவர் ஒருவர் இருக்கிறார். எதை எண்ணுவது, எதை விடுவது என்று விதி போடுகிறவரும் அவர்தான். பாட்டுப் பந்தயத்தின் முடிச்சு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

லண்டனில் நடப்பது

பாட்டு வரிசையின் மேல் வெளிப்படையாக, லைசென்ஸ் வாங்கிய கடையில் பந்தயம் நடக்கும் நாடு இங்கிலாந்து. அங்கே 1961 முதல் பந்தயக் கடைகள் சட்டப்படி தெருவில் இருக்கின்றன. குதிரை, கால்பந்து போலவே, ஒவ்வொரு டிசம்பரிலும் "கிறிஸ்துமஸ் வாரத்தில் எந்தப் பாட்டு முதலிடம்?" என்று பந்தயம் வைப்பார்கள். நம்மூரில் பொங்கலுக்கு எந்தப் படம் ஓடும் என்று பேசிக்கொள்வோமே, அதுபோல அங்கே இது ஒரு பேச்சு. வித்தியாசம் என்னவென்றால் அங்கே பேச்சோடு பணமும் போகும்.

2005 முதல் 2008 வரை நான்கு வருடம் 'எக்ஸ் ஃபேக்டர்' என்ற டி.வி. பாட்டுப் போட்டியில் ஜெயித்தவர் பாட்டே கிறிஸ்துமஸில் முதலிடம் வந்தது. இனி இதுதான் வழக்கம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். 2009இல் ஜோ மெக்எல்டெரி என்ற இளைஞர் ஜெயித்தார். அந்த நேரம் ஒரு கணவனும் மனைவியும், "டி.வி. கம்பெனி சொல்கிற பாட்டையே ஏன் வருஷா வருஷம் வாங்க வேண்டும்?" என்று ஃபேஸ்புக்கில் ஆரம்பித்து, 'ரேஜ் அகென்ஸ்ட் தி மெஷின்' என்ற அமெரிக்கக் குழு 1992இல் பாடிய பழைய பாட்டை எல்லாரையும் வாங்கச் சொன்னார்கள். அந்த வாரம் பழைய பாட்டு 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. போட்டியில் ஜெயித்தவர் பாட்டு நாலரை லட்சத்தில் நின்றது. 'கண்டிப்பா வரும்' என்று பணம் கட்டியவர்கள் பணம் போனது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இரண்டு பாட்டுமே சோனி என்ற ஒரே கம்பெனிக்குச் சொந்தமானவை. ஏலக் கூடத்தில் இரண்டு பேர் போட்டி போட்டு விலை ஏற்றும்போது யாருக்கு லாபம் என்று மீன் விற்கிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதற்கப்புறம் 2018 முதல் 2022 வரை ஐந்து வருடம் தொடர்ந்து முதலிடம் வந்தது, பெரும்பாலும் கறி வைத்துச் சுட்ட ஒரு பலகாரத்தைப் பற்றிய கேலிப் பாட்டுகள். 'லேட்பேபி' என்ற பெயரில் ஒரு தம்பதி, ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் அமைப்புக்கு நிதி திரட்டுவதற்காகப் பாடியவை. முதல் வருடம் அதை எந்த இசை ஞானத்தை வைத்துக் கணித்திருக்க முடியும்?

இப்போது நம் நோட்டில் போட்டுப் பார்ப்போம்

சங்கத்துக் கணக்கு எழுதப் பழகிய நமக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஒரு பந்தயக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பாட்டு போட்டியில் இருக்கிறது. நம் குழுவில் பத்துப் பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறோம். கடைக்கு மொத்த வரவு 1,000 ரூபாய்.

முதல் பாட்டுதான் வரும் என்று ஐந்து பேர் கட்டுகிறார்கள். எல்லாருக்கும் பிடித்த பாட்டு என்பதால் கடைக்காரர் அதற்குக் குறைவாகத்தான் தருவார். ஜெயித்தால் போட்ட பணத்தையும் சேர்த்து 170 ரூபாய். இரண்டாவது பாட்டுக்கு மூன்று பேர், ஜெயித்தால் 280. மூன்றாவது பாட்டுக்கு இரண்டு பேர், ஜெயித்தால் 425.

முதல் பாட்டு ஜெயித்தால் கடைக்காரர் கொடுப்பது ஐந்து பேருக்கு 170 வீதம் 850. மிச்சம் 150. இரண்டாவது பாட்டு ஜெயித்தால் மூன்று பேருக்கு 280 வீதம் 840. மிச்சம் 160. மூன்றாவது ஜெயித்தால் இரண்டு பேருக்கு 425 வீதம் 850. மிச்சம் மறுபடியும் 150.

எந்தப் பாட்டு வந்தாலும் கடைக்காரருக்கு 150 ரூபாய்க்குக் குறையவில்லை, பார்த்தீர்களா? அவருக்குப் பாட்டே தெரிய வேண்டாம். காது கேட்காதவர்கூட இந்தக் கடையை நடத்தலாம். எந்தப் பாட்டுக்கு எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ற மாதிரி தருகிற தொகையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால் போதும். பாட்டுத் தெரிந்தவர்கள் பத்துப் பேரும் அந்தப் பக்கம், கணக்குத் தெரிந்தவர் ஒருவர் இந்தப் பக்கம். கூட்டம் ஒரே பக்கம் சாய்ந்து, அவர் சரியாகக் கணிக்காத ஒருநாளில் அவருக்கும் நஷ்டம் வரலாம், வருவதும் உண்டு. ஆனால் அவர் ஒரு பந்தயத்தோடு பிழைப்பு நடத்துவதில்லை.

வாரம் ஒருமுறை என்று பத்து வாரம் இப்படிக் கட்டினால், நம் பத்துப் பேரிடமிருந்து குறைந்தது 1,500 ரூபாய் வெளியே போயிருக்கும். யாரோ ஒருத்தி, "நான் போன வாரம் 425 ஜெயிச்சேன்" என்று சொல்வாள். பொய் சொல்லவில்லை. அவள் ஜெயித்த பணம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் பணம். நம் உள்கடனில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ வட்டி கட்டுகிறோமே, அந்த வட்டி எங்கே போகிறது? பெட்டிக்கே திரும்புகிறது. பந்தயத்தில் நாம் கட்டுகிற 'வட்டி' திரும்பாது.

அந்த 1,500 ரூபாயை வைத்து வேறொரு கணக்கும் போடலாம். மீனவ மகளிர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் ஒரு உறுப்பினர் தவணை தவணையாகக் கட்டுவதும் 1,500 ரூபாய்தான். அரசு 3,000 சேர்த்து, மீன் குறைந்த காலத்தில் 4,500 ஆகக் கொடுக்கிறது. அதில் விட்டுப்போனவர்கள் மீன்துறை அலுவலகத்தில் கேளுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

பாட்டு தெரிந்தால் போதாதா?

"எம் பையனுக்குப் பாட்டு நல்லாத் தெரியும்" என்ற பேச்சுக்கு வருவோம். தெரியட்டும், நல்லதுதான். ஆனால் எண்ணுகிற விதி மாறினால்?

2017 மார்ச்சில் எட் ஷீரன் என்ற பாடகரின் புது ஆல்பம் வந்தபோது, இங்கிலாந்தின் முதல் 20 பாட்டுகளில் 16 அவருடையதாகவே இருந்தன. போனில், கம்ப்யூட்டரில் கேட்பதையும் எண்ண ஆரம்பித்ததால் வந்த விளைவு. வரிசை போடுகிறவர்கள் அந்த வருடம் ஜூலையிலேயே விதியை மாற்றி, ஒரு பாடகருக்கு மூன்று பாட்டுக்கு மேல் வரிசையில் இடம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 2019 ஜூலையில் பாட்ஷா என்ற பாடகரின் ஒரு இந்திப் பாட்டு 24 மணி நேரத்தில் 7 கோடிக்கும் மேல் பார்வை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. விளம்பரம் கொடுத்து வரவழைத்த பார்வைகளும் அதில் இருந்தன. யூடியூப் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. செப்டம்பரில், பணம் கொடுத்து விளம்பரம் மூலம் வரும் பார்வைகளை இனி இசை வரிசைக்கு எண்ண மாட்டோம் என்று அறிவித்தது. நம் 'ரவுடி பேபி' 2020 நவம்பரில் 100 கோடியைத் தாண்டியது எல்லாருக்கும் தெரியும். அது பிடித்த பாட்டு, ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் எந்தத் தேதியில் எத்தனை கோடி என்று பணம் கட்டச் சொன்னால், பாட்டைப் பாடத் தெரிவது அதற்கு உதவுமா?

அமெரிக்காவில் 1959, 60ஆம் வருடங்களில் பாராளுமன்றமே விசாரணை நடத்தியது. ரேடியோவில் பாட்டுப் போடுகிறவர்களுக்கு இசைத்தட்டுக் கம்பெனிகள் ரகசியமாகப் பணம் கொடுத்து, தங்கள் பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்ப வைத்தது அம்பலமானது. ஆக, எந்தப் பாட்டு மேலே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் நம் பக்கத்து வீட்டில் இல்லை.

நம்மூர் பழக்கம்

இந்தச் சூது நமக்குப் புதுசும் இல்லை. 1968 முதல் அரசே லாட்டரி நடத்தியது. பெட்டிக்கடையில் சரம் சரமாகச் சீட்டுத் தொங்கியதும், பிறகு தினமும் ஒரு நம்பர் என்று வந்து கூலிக்காசைக் கடையிலேயே இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த ஆண்களையும் நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி முழுசாகத் தடை செய்யப்பட்டது.

அடுத்து எஸ்.எம்.எஸ். வந்தது. 2007 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஸ்டார் டி.வி.யின் கோடீஸ்வரர் நிகழ்ச்சி பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி வைத்து எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொன்னார்கள். ஒரு மெசேஜ் 2 ரூபாய் 40 காசு. வந்தது 5 கோடியே 80 லட்சம் மெசேஜ். தேசிய நுகர்வோர் ஆணையம் பார்த்த கணக்கில் வசூல் 13 கோடியே 92 லட்சம், கொடுத்த பரிசு மொத்தமே ஒரு கோடியே சொச்சம். ஆணையம் 2008இல் ஒரு கோடி அபராதம் போட்டது. அந்த அபராதத்தை உச்ச நீதிமன்றம் 2020இல் ஆதாரம் போதாது என்று நீக்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் பார்க்க வேண்டியது அந்த 2.40. யாருக்கும் வலிக்காத தொகை. வலிக்காத தொகையாக வைத்ததில்தான் சாமர்த்தியம்.

அப்புறம் ஸ்மார்ட்போன். 'ஆமாவா, இல்லையா' ஆப்கள் வந்தன. ஒரு கேள்வி கேட்பார்கள். இந்த மேட்சில் யார் ஜெயிப்பார், இந்த வீடியோ இத்தனை பார்வையைத் தாண்டுமா என்று. ஆமாம் என்பதற்கு ஆறரை ரூபாய் என்றால் இல்லை என்பதற்கு மூன்றரை. சரியாகச் சொன்னவருக்குப் பத்து ரூபாய், அதில் ஆப்காரர் கமிஷன் பிடித்துக்கொள்வார். பார்க்கப் பரீட்சை மாதிரி இருக்கும். படித்த பிள்ளைகள் இதில்தான் முதலில் விழுந்தார்கள். மத்திய அரசு 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்ததும், இப்படி நடந்துவந்த பெரிய ஆப்பான 'புரோபோ' பணப் பந்தயத்தை நிறுத்தியது. நடத்துகிறவர்களுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022ஆம் வருடச் சட்டம் 2023 ஏப்ரலிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் ஆன்லைன் சூதாடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் உண்டு.

சட்டம் வந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து நடத்துகிறவர்கள் டெலிகிராமில், வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் எந்தப் பாட்டு முதலிடம் என்று பந்தயம் வைக்கும் தளங்கள் இன்று பெரிதாகவே நடக்கின்றன. அதே மாதிரி தமிழிலும் ஒரு லிங்க் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தை அவன் தரவில்லை என்றால் கோர்ட்டில் கேட்க முடியாது.

"நம்ம ஊர்லயும் குலுக்கல் இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஊர்களுக்குப் பாடு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைக்கிறார்கள். இதுவும் அதிர்ஷ்டம்தான், ஆனால் சூது இல்லை. இன்றைக்கு இறால் இல்லாத இடம் கிடைத்தவருக்கு முறை சுற்றி நல்ல இடம் வரும். நடுவில் 150 ரூபாய் எடுத்துக்கொண்டு போக ஆள் கிடையாது. சண்டை வராமல் பங்கு போட வைத்த குலுக்கல் அது. (அந்தச் சீட்டில் பெண்கள் பேர் ஏன் இல்லை என்பது வேறொரு மாதத்துப் பாடம்.)

குழுவில் என்ன பார்க்க வேண்டும்?

உள்கடன் கேட்கும்போது வலை ரிப்பேர், போட்டு இன்ஜின், பிள்ளை பீஸ் என்று காரணம் எழுதுகிறோம். அந்தக் காரணத்துக்குப் போனதா என்று அடுத்த மாதம் கேட்பது ஊக்குநரின் வேலை மட்டும் இல்லை, எல்லார் வேலையும்தான். ஒரே உறுப்பினர் சின்னச் சின்னதாக அடிக்கடி கடன் கேட்டால், நகை அடகுக்குப் போனது வீட்டுக்கே தெரியாமல் இருந்தால், பையன் ராத்திரி முழுக்கப் போனோடு இருந்தால், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். மானம் போய்விடும் என்ற பயத்தில்தான் 500 ரூபாய்க் கடன் 50,000 ஆகிறது. விட்டதைப் பிடிக்கலாம் என்று லோன் ஆப்பில் வாங்கி மறுபடியும் கட்டுவது அந்தப் பயத்தில்தான்.

வங்கிக் கணக்கிலிருந்து ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கைமாறிப் போகும் முன் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. வீட்டில் யாராவது மனசு உடைந்து, சாப்பிடாமல் பேசாமல் இருந்தால் 14416க்குப் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. சட்ட உதவிக்கு 15100. இந்த மூன்று நம்பரையும் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். உள்கடனைப் பந்தயத்துக்கோ ஆன்லைன் விளையாட்டுக்கோ கொடுப்பதில்லை என்று குழுவில் ஒரு தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்தால், கேட்கிறவரிடம் மறுப்பதும் சுலபம். "நான் சொல்லலக்கா, தீர்மானம் சொல்லுது" என்று சொல்லிவிடலாம்.

அடுத்த கூட்டத்துக்கான கணக்கு

ஒரு கடையில் மூன்று பாட்டுக்குப் பந்தயம். 20 பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள். முதல் பாட்டுக்கு 12 பேர், ஜெயித்தால் 75 ரூபாய். இரண்டாவது பாட்டுக்கு 6 பேர், ஜெயித்தால் 145 ரூபாய். மூன்றாவது பாட்டுக்கு 2 பேர், ஜெயித்தால் 425 ரூபாய். ஒவ்வொரு பாட்டும் ஜெயித்தால் கடைக்காரர் கையில் நிற்பது எவ்வளவு? எழுதத் தெரியாத உறுப்பினர்கள் புளியங்கொட்டை வைத்துப் போட்டுப் பாருங்கள், எளிதாக வரும். விடையைப் பிரதிநிதிகள் நோட்டில் எழுதிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வீட்டில் பிள்ளைகளையும் போடச் சொல்லுங்கள். பாட்டு நன்றாகத் தெரிந்த பையனை முதலில்.